பேக்கிங் செக்‌ஷனின் கட்டைவிரல்

கோயம்புத்தூரில் கெட்டிக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களைப் பற்றி எழுதவும் நிறைய ஆள் இருக்கிறார்கள். மிச்சமிருக்கிற நாலு பேரைப் பற்றி யாராவது எழுத வேண்டுமே என்றுதான் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாலு பேரும் எங்கள் பம்ப் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறார்கள். நான் பக்கத்து டெஸ்பாட்ச்சில் குமாஸ்தா. பதினாறு வருஷமாக அவர்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அதனால் நான் சொல்வதை நம்பலாம்.

நாலு பேரில் மூத்தவர் மேஸ்திரி ஓதிச்சாமி. யோசிக்கிற வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அடுத்தவர் அங்கமுத்து. எதையும் அளந்து பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மூன்றாவது திருமாத்தாள். நியாயம் பேச ஆரம்பித்தால் வக்கீல்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். நாலாவது குழந்தைவேல். பெயர்தான் குழந்தை, ஆள் நல்ல வாட்டசாட்டம். இருபது வருஷம் அட்டைப்பெட்டியின் மேல் பிரவுன் டேப்பைத் தேய்த்துத் தேய்த்து அவருடைய வலது கட்டைவிரல் மட்டும் தனியாக வளர்ந்து நின்றது.

இந்த நாலு பேருக்கும் வாழ்க்கையில் தெரிந்தது இரண்டே விஷயம். சாமான் ஆடக்கூடாது. சாமான் உடையக்கூடாது. பேக்கிங்கில் இது போதும். வெளியே வந்தால் போதாது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

குழந்தைவேலுக்குப் போன தை மாதம்தான் கல்யாணம் ஆனது, நாற்பத்தோரு வயதில். மனைவி சரசாமணி விடிய எழுந்து குழம்பு வைத்து, தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுத்தனுப்புவாள். சாயங்காலம் வாசலிலேயே நின்று, "ஏனுங்க, இன்னைக்குக் கொழம்பு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள்.

அங்கேதான் சிக்கல். பேக்கிங் செக்‌ஷன் சாப்பிடுகிற இடம் பெயிண்ட் அடிக்கிற கூண்டுக்கு அடுத்தாற்போல். அங்கே உட்கார்ந்து எதைத் தின்றாலும் பச்சை எனாமல் மணம்தான். சுண்டக்காயா கத்தரிக்காயா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பொய் சொல்லவும் குழந்தைவேலுக்கு வராது. "நல்லா பளபளன்னு இருந்துச்சு அம்மிணி," என்பார் ஒருநாள். "ரெண்டு கோட்டிங் குடுத்த மாதிரி இருந்துச்சு," என்பார் மறுநாள். சரசாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். எட்டு மாதமாக இதே கதை. இந்த ஒரு விஷயத்தில் அந்த மனிதர் உள்ளுக்குள் நொந்து போயிருந்தார். என்னிடமே இரண்டு தடவை கண் கலங்கியிருக்கிறார்.

இப்படி இருக்கும்போது பெரிய மேனேஜர் நஞ்சுண்டன் ஓர் அறிவிப்பு ஒட்டினார். மாடியில் புதிதாக ஒரு சாப்பாட்டு ரூம் தயார். நாலு ஜன்னல், இரண்டு ஃபேன், நல்ல காற்று. பேக்கிங்கும் மோல்டிங்கும் அதைக் கேட்கிறார்கள். அவினாசி ரோட்டு மாலில் பௌலிங் விளையாட்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை செக்‌ஷனுக்கு ஒருவர் வந்து பத்துத் தடவை பந்தை உருட்ட வேண்டும். ஜெயித்த செக்‌ஷனுக்கு ரூம்.

மோல்டிங்கில் சடையப்பன் உருட்டுவதாக முடிவானது. உருக்கிய இரும்பை வாளி வாளியாகத் தூக்குகிற ஆள். பேக்கிங்கில் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அந்தப் பந்துல மூணு ஓட்டை இருக்குதாமா. ரெண்டு சின்னது, ஒண்ணு பெருசு. பெருசுல கட்டைவிரல விடோணுமாம்," என்றார் மேஸ்திரி.

"அப்ப விரல் பெருசா இருக்கறவுங்கதான் போகோணும்," என்றாள் திருமாத்தாள்.

அங்கமுத்து வெர்னியர் அளவுகோலை எடுத்து நாலு பேர் கட்டைவிரலையும் அளந்தார். குழந்தைவேல் மூன்றரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் தேர்வானார்.

ஒரு வாரம் முன்னாலேயே பழகிக்கொள்ளச் செக்‌ஷனுக்கு ஒரு பந்தை மாலிலிருந்து இரவல் கொடுத்தார்கள். வாங்கிவர நாலு பேரும் போனார்கள். நானும் கூடவே போனேன், வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு. கவுண்டரில் பெர்பெச்சுவா என்ற பெண் இருந்தாள். சுறுசுறுப்பானவள், பொறுமைசாலி. அன்று காலைவரை அப்படித்தான் இருந்தாள்.

குழந்தைவேல் பந்தில் விரலை விட்டுத் தூக்கினார். ஓட்டை கொஞ்சம் பெரிது. பந்து விரலிலிருந்து வழுக்கி நேராக மேஸ்திரி காலில் விழுந்தது.

"ஓட்டை லூசா இருக்குதுங்கண்ணா. தம்ப் டேப் ஒட்டிக்கலாம்," என்ற பெர்பெச்சுவா ஒரு சின்ன டப்பாவைத் திறந்தாள். உள்ளே நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான டேப் பட்டைகள். "இது வெள்ளை, சொரசொரன்னு இருக்கும். விரலுக்குப் பிடிமானம் குடுக்கும். இது கறுப்பு, வழுவழுன்னு இருக்கும். உருட்டறப்ப விரலைத் தடையில்லாம விட்டுரும். ஓட்டைக்குள்ள ஒரு பக்கம் வெள்ளை, எதிர்ப்பக்கம் கறுப்பு, அப்படித்தான் நிறையப் பேரு ஒட்டிக்குவாங்க."

டேப் என்ற சொல் காதில் விழுந்ததும் நாலு பேருக்கும் முதுகு நிமிர்ந்துவிட்டது. தெரிந்த சப்ஜெக்ட்.

மேஸ்திரி ஒரு பட்டையைக் காதருகே வைத்து உரித்தார். சத்தம் கேட்கவில்லை. "சத்தமில்லாத டேப்பு தொழிலுக்கு ஆகாது," என்றார். அங்கமுத்து ஒரு பட்டையைக் கவுண்டரின் விளிம்பில் ஒட்டி, அதைப் பிடித்துக் கவுண்டரைத் தூக்கப் பார்த்தார். பட்டை கையோடு வந்தது. கவுண்டர் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இது பொட்டியத் தூக்கறதுக்கு இல்லீங்க," என்றாள் பெர்பெச்சுவா.

"அது போகட்டும் கண்ணு. ஒரு டேப்பு புடிக்குது, ஒரு டேப்பு வுடுதுங்கறே. வுடற டேப்ப எதுக்குச் செய்யறாங்க?" என்று கேட்டாள் திருமாத்தாள்.

"விட்டாத்தானே பந்து போகும்?"

நாலு பேரும் தள்ளிப் போய் ரகசியமாகப் பேசினார்கள். விட்டுவிடுகிற டேப் என்பது டேப் குலத்துக்கே அவமானம் என்று மேஸ்திரி சொன்னார். மற்ற மூவரும் ஒப்புக்கொண்டார்கள். வெள்ளை மட்டும் ஒரு டப்பா நிறைய வாங்கினார்கள்.

கிளம்பும்போது பெர்பெச்சுவா நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "முதல்ல ஒரே ஒரு பட்டை ஒட்டுங்க. விரலை விட்டுப் பாருங்க. ஆடுச்சுன்னா இன்னொண்ணு ஒட்டுங்க. பழசை உரிக்கறப்ப பசை நிக்கும். துணியில ஸ்பிரிட் தொட்டுத் துடைங்க, பசை போற வரைக்கும் நிறுத்தாதீங்க. எண்ணெய் போடாதீங்க, தின்னர் போடவே போடாதீங்க. அப்புறம், விரல் எந்நேரமும் ஒரே அளவா இருக்காது. காலைல ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி. அதையும் பாத்துக்கங்க."

நாலு பேரும் தலையாட்டினார்கள். இவ்வளவு தெளிவாகச் சொன்னால் யாருக்குத்தான் புரியாது.

கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். கணபதி ரோட்டில் அப்போது சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் குதித்துக் குதித்துப் போனது. குழந்தைவேல் மடியில் பந்து. மேஸ்திரி ஒரு பட்டையை உள்ளே ஒட்டி, விரலை விடச் சொன்னார்.

"ஆடுதாப்பா?"

"ஆடுதுங்க மேஸ்திரி."

"இன்னொண்ணு ஒட்டு. இப்ப?"

"ஆடுதுங்க."

விரல் ஆடியது. பந்து ஆடியது. குழந்தைவேல் ஆடினார். கேட்ட மேஸ்திரியும் ஆடினார். எட்டாவது பட்டை ஒட்டியபோது பஸ் ரயில்வே கேட்டில் நின்றது. "இப்ப ஆடலீங்க!" என்று குழந்தைவேல் கத்தினார். நாலு பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள். கேட் திறந்து பஸ் கிளம்பியதும், "மறுக்கா ஆடுதுங்க," என்றார். ஒன்பதாவது பட்டை போனது.

கம்பெனி வாசல் வந்தபோது பத்தொன்பது பட்டை ஆகியிருந்தது.

"இப்ப ஆடுதா?"

"விரலே உள்ள போகலீங்க மேஸ்திரி."

"அதக் கேக்கல. ஆடுதா, ஆடலையா?"

"ஆடலீங்க."

"அவ்வளவுதான். அளவு பொருந்திருச்சு," என்றார் மேஸ்திரி.

ஆனால் விரலை விடாமல் பந்தை எப்படித் தூக்குவது என்று அங்கமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் அவர் விடமாட்டார். மறுநாள் பூராவும் விவாதித்து, பட்டைகளை உரித்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். உரித்தார்கள். பட்டை வந்தது, பசை வரவில்லை. பத்தொன்பது பட்டையின் பசையும் ஓட்டைக்குள்ளே தேன் அடை போலத் தங்கிவிட்டது.

ஸ்டோரில் ஸ்பிரிட் வாங்கினார்கள். துணியில் தொட்டுத் துடைக்க ஆரம்பித்தார்கள். "பசை போற வரைக்கும் நிறுத்தாதீங்கன்னு சொல்லிருக்குது. ஒரு நொடி நிறுத்தப்படாது," என்றார் மேஸ்திரி. ஷிஃப்ட் போட்டுத் துடைத்தார்கள். அங்கமுத்து கையை எடுப்பதற்குள் திருமாத்தாள் கை உள்ளே போக வேண்டும். அவள் எடுப்பதற்குள் குழந்தைவேல் விரல். இந்த அவசரத்தில் துணியைத் திரும்ப ஸ்பிரிட்டில் நனைக்க யாருக்கும் நேரமில்லை. நனைப்பதற்கு நிறுத்த வேண்டுமே. ஸ்பிரிட் பாட்டில் மூடி திறந்தபடி இருந்து பாதி காற்றிலேயே போய்விட்டது. பசை கொஞ்சம்கூடப் போகவில்லை. ஓட்டையிலிருந்து விரலுக்கும் விரலிலிருந்து துணிக்கும் போய்வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் திருமாத்தாள் எழுந்து நின்று நியாயம் பேசினாள்.

"இந்தப் பசை ஆருது?"

"டேப்போடது," என்றார் மேஸ்திரி.

"அப்ப டேப்பு வந்து கேட்டாக் குடுத்துருமா, குடுக்காதா?"

மேஸ்திரி அவளை அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷம் கூடவே வேலை செய்தும் இப்படி ஒரு மூளை இருப்பது தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார். உடனே பிரவுன் டேப்பைக் கொண்டுவந்து ஓட்டைக்குள் ஒட்டி, பசையைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லி இழுத்தார்கள். பிரவுன் டேப் தன் பசையையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தது. அதை எடுக்க இன்னொரு பிரவுன் டேப். அதை எடுக்க இன்னொன்று. மத்தியானத்துக்குள் நாலு ரோல் காலி.

ஒவ்வொரு தடவையும் பசை போய்விட்டதா என்று விட்டுப் பார்த்தது குழந்தைவேலின் கட்டைவிரல்தான். அதனால் பந்தில் பாதி, விரலில் பாதி என்று பசை சமமாகப் பங்கு பிரிந்திருந்தது. அவர் எதைத் தொட்டாலும் அது கூடவே வந்தது. என்னிடம் வந்து டெலிவரி சீட்டு எங்கே என்று கேட்டார். சீட்டு அவர் விரலிலேயே இருந்தது.

சனிக்கிழமை வந்தது. அங்கமுத்து காலையில் விரலை அளந்தார், மத்தியானம் அளந்தார். அரை மில்லிமீட்டர் கூடியிருந்தது. அந்தப் பெண் சொன்னது சரிதான் என்று கலவரத்தோடு ஓடிவந்தார்.

"மேஸ்திரி, விரல் ஒரு நெலையா நிக்க மாட்டேங்குது. வீட்டுக்குப் போறதுக்குள்ள என்ன ஆகுமோ தெரியல."

"நெலையா நிக்கலீன்னா என்ன பண்ணுவோம்? பேக் பண்ணுவோம்," என்றார் மேஸ்திரி.

சின்ன வால்வுக்கான அட்டைப்பெட்டி ஒன்று எடுத்தார்கள். விரலைப் பஞ்சுத்தாளில் சுற்றி, குமிழி ஷீட் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, இடுக்கில் தெர்மோகோல் போட்டு, டேப் அடித்தார்கள். மேலே அம்புக்குறி ஸ்டிக்கர். "அம்பு எந்நேரமும் மேல பாத்தே இருக்கோணும்," என்று மேஸ்திரி எச்சரித்தார். குழந்தைவேல் டவுன் பஸ்ஸில் கட்டைவிரலை உயர்த்திப் பிடித்தபடியே வீட்டுக்குப் போனார். வழியில் மூன்று ஆட்டோக்கள் அவருக்காக நின்றனவாம்.

வாசலில் சரசாமணி நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். வழக்கமான கேள்வியைத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, இன்னைக்கு மொச்சைக்கொட்டைக் கொழம்பு. எப்படி இருந்துச்சு?"

"காஞ்சதுக்கப்புறம் நல்ல ஃபினிஷ் அம்மிணி," என்றார் குழந்தைவேல், மனசார.

அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நீங்க என்ற கொழம்ப வாயில வெக்கறதே இல்ல. எங்கியோ கொண்டுபோய்க் கொட்டறீங்க," என்றாள். அவர் பதறிப்போய், நாளைக்கு ஜெயித்தால் திங்கட்கிழமை கட்டாயம் உள்ளது உள்ளபடி சொல்லுவதாகப் பெட்டியின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். விரல் பெட்டிக்குள் இருந்ததால் ராத்திரிச் சோற்றை அவள்தான் ஊட்டிவிட்டாள். கோபத்தோடுதான் ஊட்டினாள், ஆனாலும் ஊட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலில் பெர்பெச்சுவா பந்தின் ஓட்டையைப் பார்த்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு துணியை நன்றாக நனைத்து, உள்ளே விட்டு இரண்டு நிமிஷம் துடைத்தாள், துணியை மாற்றினாள், இன்னொரு தடவை துடைத்தாள். ஓட்டை புதுசு போல ஆகிவிட்டது. முன்னால் ஒரு வெள்ளைப் பட்டை, பின்னால் ஒரு கறுப்புப் பட்டை ஒட்டினாள். பந்து தயார்.

"விரல் எங்கே?" என்றாள்.

பெட்டியை நீட்டினார்கள். அதைப் பிரிக்கக் கத்தரிக்கோலை எடுத்தாள். மேஸ்திரி தடுத்து, டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். சரக்கு சேதமில்லாமல் கிடைத்தது என்று பாவம் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாள். பெட்டியைப் பிரித்தால் விரல் முழுக்கத் தெர்மோகோல் உருண்டைகள் ஒட்டி, ரவா லட்டு மாதிரி இருந்தது. அவள் உருண்டைகளைத் தட்டிவிட்டாள். பசை நிற்பதைப் பார்த்து ஸ்பிரிட் நனைத்த துணியைக் கொடுத்து, "துடைச்சுட்டு வாங்கண்ணா," என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போனாள்.

"தொடைக்கட்டுங்களா மேஸ்திரி?" என்றார் குழந்தைவேல்.

"இரு," என்றாள் திருமாத்தாள். "தொடைக்க ஆரம்பிச்சா பசை போற வரைக்கும் நிறுத்தப்படாது. இப்பக் கூப்பிட்டுட்டாங்கன்னா பாதியில நிறுத்த வேண்டி வரும். நிறுத்தக்கூடாததத் தொடங்கப்படாது."

துணியைப் பத்திரமாக மடித்து மேஸ்திரி பையில் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் நஞ்சுண்டன் இரண்டு போட்டியாளர்களையும் அழைத்தார். "கோட்டைத் தாண்டாம உருட்டணும். சண்டை சச்சரவு கூடாது. ஒவ்வொரு சுத்துலயும் குழந்தைவேல் உருட்டுனதும் ரெண்டு பேரும் கை குலுக்கிக்கங்க. அப்புறம் சடையப்பன் உருட்டட்டும்," என்றார்.

எதிர்க்கோடியில் பத்து வெள்ளைக் கட்டைகள் பாட்டில் போல நின்றுகொண்டிருந்தன. அவற்றை எதற்கு நிறுத்தியிருக்கிறார்கள் என்று பேக்கிங் செக்‌ஷனுக்கு யாரும் விளக்கவில்லை. எத்தனை கட்டை விழுகிறதோ அத்தனை மார்க் என்பதை விளக்க வேண்டியிருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்? மேஸ்திரி அவற்றைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"பாத்தீங்களா, கண்ணாடிச் சரக்கு. பந்து அந்தப் பக்கமாப் போகோணும், ஒண்ணும் ஒடையப்படாது. இதுதான் போட்டி."

குழந்தைவேல் பந்தை எடுத்து, கையை வீசினார். கை முன்னால் போனது, பந்தும் போனது, ஆனால் பந்து கையை விடவில்லை. அது பின்னால் இழுத்த இழுப்பில் அவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் தொப்பென்று உட்கார்ந்தார். பந்து அவர் மடியில்.

"பத்தும் பத்திரம்!" என்று அங்கமுத்து கத்தினார். மூன்று பேரும் கைதட்டினார்கள். போர்டில் பூஜ்ஜியம் விழுந்தது. சேதாரம் பூஜ்ஜியம் என்று திருமாத்தாள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள்.

குழந்தைவேல் எழுந்துபோய் சடையப்பனின் கையை அழுத்திப் பிடித்துக் குலுக்கினார். சடையப்பன் உருட்டினார். ஒன்பது விழுந்தது. மோல்டிங் ஆர்ப்பரித்தது. பேக்கிங் தலையில் கை வைத்தது. "ஒம்பது பீஸு! அந்தாளு கையிலயா ரூமக் குடுப்பாங்க?" என்றார் மேஸ்திரி.

இரண்டாவது சுற்று. குழந்தைவேல் தொப்பென்று உட்கார்ந்தார், எழுந்துபோய்க் கை குலுக்கினார். சடையப்பனுக்கு எட்டு. மூன்றாவது சுற்றிலும் பூஜ்ஜியம், கை குலுக்கல். சடையப்பன் உருட்டும்போது பந்து அவர் கையை விடக் கொஞ்சம் தயங்கியது. ஐந்துதான் விழுந்தது. நாலாவது சுற்றில் இரண்டு. அவர் உள்ளங்கையைப் பார்த்தார், பேண்ட்டில் தேய்த்தார். பேண்ட் கையோடு வந்தது. துண்டில் துடைத்தார். துண்டும் வந்தது. இனிக் கை கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம் என்றால் எதிரிலே மேனேஜர் நிற்கிறார்.

பசை எங்கே போகும்? குழந்தைவேல் குலுக்கக் குலுக்க அவர் விரல் காய்ந்துகொண்டு வந்தது, சடையப்பன் கை பிசுபிசுத்துக்கொண்டே போனது. பசையைப் பொறுத்தவரை பேக்கிங் செக்‌ஷன் அந்த வாரம் கண்டுபிடித்த ஒரே சரியான வழி அதுதான். அதை அவர்கள் கண்டுபிடித்தது அவர்களுக்கே தெரியாது.

ஐந்தாவது சுற்றில் குழந்தைவேலின் பந்து முதல் தடவையாகக் கையை விட்டுப் போய், உருட்டுகிற பாதையின் ஓரத்தில் சாக்கடை மாதிரி ஓடிய பள்ளத்தில் விழுந்தது. சடையப்பன் பந்து விரலை விடவே இல்லை. மொத்தம் சடையப்பன் இருபத்துநாலு, குழந்தைவேல் ஒன்றுமில்லை.

ஆறாவது சுற்றில் குழந்தைவேலின் பந்து நடுவே போய் மூன்றை வீழ்த்தியது.

"அய்யோ!" என்றாள் திருமாத்தாள்.

ஏழாவதில் ஐந்து, எட்டாவதில் ஆறு, ஒன்பதாவதில் நாலு. ஒவ்வொரு தடவையும் மேஸ்திரி சேதாரக் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். சடையப்பனுக்கு அத்தனை சுற்றிலும் பூஜ்ஜியம். பதினெட்டுக்கு இருபத்துநாலு. கடைசிச் சுற்று.

குழந்தைவேல் பந்தை ஏந்தி நின்றார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "மேஸ்திரி, சடையப்பன் அஞ்சு தடவையா ஒண்ணையும் ஒடைக்கல. நான் பதினெட்டு ஒடைச்சுப்போட்டேன். நாளைக்கும் அவகிட்ட எனாமல்னு சொல்லோணுமா?" என்றார். குரல் உடைந்துபோனது.

"மனசத் தளர விடாதே. ஓரமா உருட்டு. ஒண்ணும் படாமப் போகட்டும்," என்றார் மேஸ்திரி.

குழந்தைவேல் அந்த ஓரச் சாக்கடையைக் குறி பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக உருட்டினார். காய்ந்த விரல், கறுப்புப் பட்டை, சுத்தமான ஓட்டை. பந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. குறி தவறிவிட்டது. நேராக நடுவில் போய் மோதியது. பத்தும் படபடவென்று விழுந்தன.

மால் முழுக்கக் கூச்சல். குழந்தைவேல் அங்கேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அப்படியும் எழுந்துபோய்க் கை குலுக்க அவர் மறக்கவில்லை. சடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு வீசினார். பந்து விடவில்லை. அதோடு அவரும் கோட்டைத் தாண்டிப் பாதி தூரம் வயிற்றாலேயே போனார். பூஜ்ஜியம்.

மேனேஜர் வந்து குழந்தைவேலின் தோளில் தட்டி, "பிரமாதம்! இருபத்தெட்டு," என்றார்.

"மன்னிச்சுக்கங்க சார்," என்றார் குழந்தைவேல்.

"இனிமே அந்த ரூம் பேக்கிங் செக்‌ஷனோடது. சாவியைப் பிடிங்க. புது ரூமு, பத்திரமாப் பாத்துக்கணும், என்ன?"

இத்தனை உடைத்த பிறகும் ரூமைக் கொடுக்கிறாரே, இப்படி ஒரு தங்கமான மனுஷன் உண்டா என்று நாலு பேரும் திரும்பும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தார்கள். அவர் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் உயிர் போனாலும் காப்பாற்றுவது என்று உறுதி எடுத்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது. குழந்தைவேல் தூக்குப்போசியோடு எல்லோருக்கும் முன்னால் மாடிக்கு ஓடினார். மற்ற மூன்று பேரும் பின்னால் போனார்கள், ஆளுக்கு ஒரு கூடை டேப்போடு. புது ரூமைப் பத்திரமாக வைப்பது எப்படி என்று பேக்கிங் செக்‌ஷனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு ஜன்னலையும் வெளி வராந்தாவில் நின்று சாத்தி டேப் அடித்தார்கள். கதவைச் சாத்திக் குறுக்கும் நெடுக்கும் அடித்தார்கள். குமிழி ஷீட் சுற்றினார்கள். அம்புக்குறி ஒட்டினார்கள். அரை மணியில் வேலை முடிந்தது. நின்று பார்த்தார்கள். அப்படி ஒரு நேர்த்தியான பேக்கிங்கை நானும் பார்த்ததில்லை.

"சரி, சாப்பிடலாம் வாங்க," என்றார் மேஸ்திரி. "எங்கப்பா குழந்தைவேலு?"

தேடினார்கள். காணோம். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மேஸ்திரி! புளி தூக்கலா இருக்குதுங்க! கொழம்புல புளி ரொம்பத் தூக்கலா இருக்குதுங்க! அவகிட்டச் சொல்லோணும்!" அந்தக் குரலில் அப்படி ஓர் ஆனந்தம்.

மூன்று பேரும் கதவைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். அங்கமுத்து கதவின் டேப்பைத் தொட்டுப் பார்த்தார். கெட்டியாக இருந்தது.

உள்ளேயிருந்து கதவை இழுத்துப் பார்க்கும் சத்தம். பிறகு குழந்தைவேல் பதறிப்போய்க் கேட்டார்: "மேஸ்திரி! கதவு தெறக்கலீங்களே! உங்க மூணு பேரையும் ஆருங்க வெளிய வெச்சு அடைச்சது?"

மேஸ்திரிக்கு முகம் வெளுத்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தார். திருமாத்தாள் சட்டென்று தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். "நெசந்தான் மேஸ்திரி. கதவுக்கு இந்தப் பக்கம்தான் டேப்பு இருக்குது. டேப்பு இருக்கற பக்கம்தானே மாட்டிக்கிட்டவங்க பக்கம்?" என்றாள்.

மேஸ்திரி ஒருவழியாகத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கதவோடு வாயை வைத்துச் சொன்னார்.

"குழந்தைவேலு, பதட்டப்படாதே. நாங்க மூணு பேரும் அசையாம இங்கியே உக்காந்துக்கறோம். நீ ஒருத்தன்தான் வெளிய இருக்கறே. சீக்கிரம் போயி ஆரையாச்சும் கூட்டிக்கிட்டு வா!"

"இதோ போறனுங்க மேஸ்திரி!" என்றது உள்ளேயிருந்து குரல்.